ஏற்காட்டில் கடல் காற்று இல்லை, சங்கரு

என் சங்கரு, என் கூறுகெட்ட தம்பியே,

நேற்று சாயங்காலம்தான் ஏற்காட்டிலிருந்து வந்து சேர்ந்தேன். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. "இன்னாடி, காலு ஒரு இடத்துல நிக்கல உனுக்கு?" என்று அம்மா காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டாள். உன்னிடம் சொல்லாமல் இது அடங்காது. மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

ஏற்காட்டில் தட்டு வீசும் போட்டிக்குப் போன வருடமே பெயர் கொடுத்து வைத்தது நீதானே. இருவர் சேர்ந்து ஆடும் பிரிவில் உன் பெயரும் என் பெயரும். போன மாதம் அங்கிருந்து ஒருவர் எனக்குப் போன் செய்து, உன் இடத்தில் வேறு ஆளைப் போடலாமா, இல்லை பெயரையே எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் எனக்கு முன்னால் உன் நம்பருக்கு அடித்திருக்கிறார். அது உன் பெண்டாட்டியிடம் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கலா கூப்பிட்டாள்.

"பேர எடுக்காதீங்க அண்ணி. நான் வரேன்."

ஒன்பது மாதத்தில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. ஏன் பேசவில்லை என்று உனக்குத் தெரியாது. உன் பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததை உன்னிடம் யார் வந்து சொல்லியிருப்பார்கள்? நானே சொல்கிறேன். பந்தலில் குப்பத்து ஜனம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. யாரோ, அன்றைக்கு சங்கரு எதற்கு வண்டியை எடுத்துக்கொண்டு எண்ணூர் ரோட்டுக்குப் போனான் என்று கேட்டார்கள். வண்ணாரப்பேட்டைக்குப் போனார் என்றாள் கலா. வண்ணாரப்பேட்டை என்றால் புடவைக்கடை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "ஒரு பொடவைக்காவ என் தம்பிய லாரி சக்கரத்துக்கு அனுப்பிட்டியேடி" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். துணியை மடித்து வைத்தாள். அன்றைக்கே எம்.கே.பி. நகருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கு வாய் நீளம் என்று நீ எப்போதும் சொல்வாய். நீ இருந்திருந்தால் அன்றைக்கு என்னை அடக்கியிருப்பாய். நீ இருந்திருந்தால் எதற்கு அந்தப் பந்தல்?

ஆகவே இந்தப் பயணத்தில் எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. திரும்பி வருவதற்குள் அவளிடம் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாக விசில் ஊதி நானூறு பிள்ளைகளை மிரட்டுகிற டீச்சருக்கு இது ஒரு பெரிய விஷயமா? அப்படித்தான் நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அம்மாவுக்கு நாங்கள் போவதே பிடிக்கவில்லை. "வருஷம் கூட திரும்பல. அதுக்குள்ள ஆளுக்கொரு பைய மாட்டிகினு வெளாட போறீங்களா? ஊரு இன்னா பேசும்?" என்றாள். ஊர் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறது அம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். சென்ட்ரலில் கலா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள், கையில் இட்லிப் பொட்டலத்தோடு. இளைத்திருக்கிறாள். நீ பார்த்தால் என்னைத்தான் திட்டுவாய்.

சேலம் போகும் வரைக்கும் நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. கதவுப் பக்கம் போவேன், வருவேன், பையில் தட்டுகள் இருக்கின்றனவா என்று எண்ணுவேன், மறுபடி கதவுக்குப் போவேன். அரக்கோணத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் காட்பாடி. ஜோலார்பேட்டையில் வாயைத் திறந்து, "டீ சாப்புடுறியா?" என்று கேட்டேன்.

"உக்காருங்க அண்ணி," என்றாள். "ரயிலு தானா போய்கினு கீது. நீங்க தள்ள வோணாம்."

அவளுக்குக் கிண்டல் வருமென்று நீ எனக்குச் சொன்னதே இல்லையே?

மலையில் இடம் அழகுதான். காப்பித் தோட்டம், நெட்ட நெட்டையாக சில்வர் ஓக் மரங்கள், நடுநடுவே சங்கிலி தொங்கும் கூடைகள். கோல்ஃபில் பந்தைக் குழியில் போடுவதுபோல இதில் தட்டைக் கூடையில் போட வேண்டும், குறைந்த வீச்சில் போடுகிறவருக்கு ஜெயம். உனக்குத் தெரியாததா? படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நீ கப்பல் வேலையில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கிப் பார்த்து, ஆறு தட்டோடு வந்து, சைக்கிள் ரிம்மில் சங்கிலி கட்டிக் கடற்கரையில் நட்டபோது, "கப்பலுக்குப் போனவன் தட்டு வுட்டுகினு கீறான் பாரு" என்று குப்பமே சிரித்தது. உன்னைத் திட்ட வந்த நானும் ஒரு தட்டை வீசிப் பார்த்து அதிலேயே மாட்டிக்கொண்டேன்.

ஏற்காட்டில் நான் மாட்டிக்கொண்டதைக் கேள். முதல் கூடைக்கு நல்ல வேகத்தில் வீசினேன். தட்டு வலது பக்கமாகப் போய்க் காப்பிச் செடிக்குள் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் எனக்கே விளங்கிவிட்டது. நாம் வடக்கே பார்த்து வீசுவோம், வலது கைப் பக்கம் கடல். கடலிலிருந்து வரும் கொண்டல் காற்று தட்டைக் கரைப் பக்கம் தள்ளும் என்று எப்போதும் கடலைப் பார்த்தே குறி வைப்போம். அங்கே கடலும் இல்லை, காற்றும் இல்லை. ஓர் இலை ஆடவில்லை. புத்திக்குத் தெரிகிறது, கை கேட்க மாட்டேன் என்கிறது. எட்டு வருடப் பழக்கம் சங்கரு, வராத காற்றுக்கு இடம் விட்டு விட்டு வீசிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஜோடியில் இருந்தவர், "மேடம், கூடை இடது பக்கம் இருக்கு" என்று வேறு வழி காட்டினார். எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

கலா வீசினாள். தூரம் போகவில்லை. ஆனால் நேராகப் போனது. அடுத்ததும் நேராக. இருவர் ஆட்டத்தில் இருவரும் வீசி, நல்லதாக விழுந்த தட்டு இருக்கும் இடத்திலிருந்து அடுத்ததை வீச வேண்டும் இல்லையா. வரிசையாக ஒன்பது கூடைக்கு அவள் தட்டைத்தான் எடுத்தோம்.

"எங்கடி கத்துகின?" என்று கேட்டேன்.

"அம்மா வூட்டாண்ட. ரெண்டு பிளாக்குக்கு நடுவுல சந்து கீது இல்ல, அங்க காத்தே வராது. காலையில தண்ணி புடிக்க சொல்ல, டிரம்ம குறி வெச்சி வுட்டுகினு இருப்பேன். அவுரு தட்டு மூணு எங்கிட்டதான் கீது."

"நம்ம பீச்சுக்கு வந்திருக்கலாம் இல்ல?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வரவிடாமல் செய்தவளே கேட்டால் என்ன பதில் சொல்வாள்? சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "தொப்பி போட்டுக்கோ, வெயிலு" என்றேன்.

பதினொரு ஜோடியில் ஏழாவதாக வந்தோம். ஏழு என்றால் உனக்குச் சிரிப்பாக இருக்கும். நான் ஒழுங்காக வீசியிருந்தால் நாலு வந்திருக்கும். கடைசிக் கூடையில் அவள் தட்டு சங்கிலியில் மோதிச் சலசலவென்று விழுந்தபோது அவள் சிரித்தாள். உன் படத்துக்கு மாலை போட்ட பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். இந்தச் சிரிப்பைத்தானே நான் ஒன்பது மாதம் பிடுங்கி வைத்திருந்தேன்.

மறுநாள் திரும்பும் ரயிலில், வாணியம்பாடி தாண்டியதும், நான் ஜன்னலைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன். "கலா, அன்னிக்கு காரியத்துல நான் சொன்னது தப்பு. பொடவைன்னு நானா சொல்லிட்டேன். மன்னிச்சிக்கோ."

அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"பொடவைக்கு போவல அண்ணி. உங்களுக்கு ஷூ வாங்க போனாரு. நம்ம மணல்ல மாதிரி மலையில வெறுங்கால்ல ஆட முடியாது, அக்கா தானா வாங்காதுன்னாரு. உங்க சைஸு அவுருக்கு தெரியல, என்னைய கேட்டாரு. ஏழுன்னேன்."

ரயில் போய்க்கொண்டே இருந்தது.

"அன்னிக்கே ஏன்டி சொல்லல? அத்தினி பேரு இருந்தாங்களே. என் மூஞ்சியில அடிச்சா மாதிரி சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அவுரு எழுந்து வந்துடுவாரா? நீங்கதான் அப்புறம் தூங்க மாட்டீங்க."

உரித்த கடலையை என் கையில் வைத்தாள். நான் தின்றேன் சங்கரு. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் தின்றேன்.

நீ எனக்காகப் போனாய் என்று நேற்றிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் பழியை அவள் தலையில் சுமந்துகொண்டு, என் தூக்கத்தையும் காவல் காத்திருக்கிறாள். இவளோடு ஐந்து வருடம் வாழ்ந்தாயே, அவள் இப்படிப்பட்டவள் என்று ஒரு நாள் என்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். அதுவும் எனக்குத் தெரியும்.

ரயிலில் காதோடு காதாக மன்னிப்புக் கேட்டது பத்தாது. ஐந்து வாரத்தில் உன் வருஷக் காரியம் வருகிறது. அதே வாசலில் அதே பந்தல் போடுவார்கள், அதே ஜனம் வந்து உட்காரும். விடிந்ததும் நான் எம்.கே.பி. நகருக்குப் போய்க் கலாவைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைப்பேன். அன்றைக்குக் கத்திய அதே இடத்தில் நின்று, அதே சத்தத்தில், என் தம்பி எனக்கு ஷூ வாங்கப் போய்ச் செத்தான், இவள் மேல் நான் போட்டது வீண் பழி என்று சொல்வேன். இது உன் மேல் சத்தியம்.

உன் அக்கா,
கலாவுக்கு நாத்தனார்,
ரேவதி