மண்ணெண்ணெயில் நிறுத்திய கார்

ஸ்கந்தபுரம்,
கிளிநொச்சி.
22.07.1998

அன்பின் மச்சான் ஜனகன் அறிவது,

நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனையைத் திறந்தவுடன் கோபம் முந்திக்கொண்டு வருகிறது. ஆகவே சுகத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

வைகாசியில் நீர் போட்ட கடிதம் முந்தாநாள்தான் கைக்கு வந்தது. உறை தடிப்பாக இருந்தது. கொண்டென்சர் வந்துவிட்டது என்று நினைத்து வயல் வரம்பிலேயே நின்று கிழித்தேன். எங்கள் பழைய ஏ-40 காருக்குப் பொறி அறாமல் இருக்க ஒரு கொண்டென்சர் வேண்டும், சுண்டுவிரல் நுனியளவு சாமான், நீர் போயிருக்கிற வெளிநாட்டில் பழைய கார் உடைக்கிற இடத்தில் சும்மா கிடக்கும் என்று சித்திரையில் எழுதியிருந்தேன் அல்லவா? உள்ளே இருந்தது பளபளவென்று மடித்த விளம்பரத்தாள். வெள்ளி நிறத்தில் ஒரு புதுக் கார். கூடவே, நீர் வேலை செய்கிற காட்சியறையில் அந்தக் காரில் சாய்ந்துகொண்டு சிரிக்கிற படம். கடிதம் முழுக்கக் காரைப் பற்றி. அடியில் இடம் மிஞ்சியதால் என் தங்கச்சியைக் கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறீர். அவள் உம்முடைய பெண்சாதி, ஏழு மாதக்காரி. இதையும் நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும் போலிருக்கிறது.

புதுக் காரைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டிருக்கிறீர். கேட்டபடியால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளும்.

அந்தத் தாளை மடிப்புக் கிழியும்வரை படித்தேன். கார்ப் பைத்தியம் எனக்கு உம்மைவிட முந்திப் பிடித்தது, மறைக்க ஒன்றுமில்லை. பிரேக் நல்லது. சில்லு இறுகாமல் பிடிக்குமாம், செய்தவன் கெட்டிக்காரன். மற்றதெல்லாம் என்ன? பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்கு மேலே ஒரு பிளாஸ்ரிக் மூடி. சமையலைப் பார்க்க விடாத சாப்பாட்டுக் கடை மாதிரி. கார்பரேற்றர் இல்லை, பெற்றோலை எப்போது எவ்வளவு விடுவது என்று ஒரு கம்பியூட்டர் முடிவெடுக்கிறதாம். அது பிழைத்தால் கொம்பனிக்காரனிடம்தான் கொண்டுபோக வேண்டுமாம். அப்படியென்றால் அந்தக் கார் யாருடையது? காசு கொடுத்தவனுடையதா, கொம்பனிக்காரனுடையதா? வருடத்துக்கு ஒருமுறை லைற்றை மாற்றி, பம்பரை மாற்றி, போன வருடக் காரை வைத்திருக்கிறவனை வெட்கப்பட வைக்கிறார்கள். எல்லாக் காரும் பாவித்துத் தேய்ந்த சவர்க்காரக் கட்டி போல ஒரே வடிவம். பெற்றோலே இல்லாத ஊரும் உலகத்தில் இருக்கிறது என்று அந்தப் பெரிய பெரிய தொழிற்சாலைகளில் ஒருவனாவது ஒருநாளாவது யோசித்திருப்பானா? உமது வெள்ளிக் காருக்கு மண்ணெண்ணெயை ஊற்றும், பார்ப்போம். மூக்கைப் பொத்திக்கொண்டு செத்துவிடும்.

இங்கும் ஒரு புதுசு வந்தது. நிவாரண நிறுவனம் ஒன்றின் வெள்ளை ஜீப். அதைப் பார்த்தபோது ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்று நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லக் கூடாது. வந்து மூன்றாம் நாள் சாரதிக்கு முன்னால் ஒரு மஞ்சள் லைற் எரிந்தது. எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. லைற் எரிந்தால் ஓட்டக் கூடாதாம், சட்டமாம். கொழும்பிலிருந்து கம்பியூட்டரோடு ஆள் வர வேண்டும், ஆளுக்கு வன்னிக்குள் வரப் பாஸ் கிடைக்க வேண்டும். ஒன்றரை மாதமாகப் பாடசாலை வளவில் நிற்கிறது. வீரகத்தியரின் கோழி அதன் கீழே அடை கிடக்கிறது. நான் பொனற்றைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, தொட்டால் தன் வேலை போய்விடும் என்று அந்தச் சாரதி கும்பிடாத குறையாகச் சொன்னான். அவனில் பிழையில்லை.

ஆகவே எங்களுக்கு இருப்பது ஏ-40 மட்டும்தான். தங்கச்சி கிருசாந்திக்குப் புரட்டாதி நடுப்பகுதியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். முதல் பிள்ளை அப்படிப் போனபடியால் இந்தமுறை வீட்டில் வைத்திருக்கவே கூடாது, குத்துத் தொடங்கியவுடன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவிச்சி கமலாசனி அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டா. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினால் அந்த ரோட்டில் என்ன நடக்கும் என்று உமக்குத் தெரியும். காரில் பழைய கொண்டென்சர் அடியோடு செத்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து மூக்கன் தன் நீர்ப்பம்பியில் இருந்ததைக் கழற்றித் தந்தான், தன் மிளகாய்க் கன்றுகள் காய்ந்தாலும் பரவாயில்லையாம். போட்டுப் பார்த்தேன். இரண்டு கட்டைத் தூரம் ஓடுகிறது. சூடானவுடன் பொறி அற்று நடுரோட்டில் நின்றுவிடுகிறது. ஆஸ்பத்திரி பதினைந்து கட்டை, மச்சான்.

ஏன் அனுப்பவில்லை? இரவு பகலாக யோசித்துப் பார்த்தேன். நீர் மறக்கிற ஆள் இல்லை. சின்ன வயதிலேயே ஒரு போல்ற் குறைந்தால் சாப்பிடாமல் தேடுகிறவர். பிறகு உமது கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். திறப்பைத் திருப்பியவுடன் எஞ்சின் பிடிக்கிறது, ஒவ்வொரு முறையும் பிடிக்கிறது, குளிரிலும் பிடிக்கிறது என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறீர் தெரியுமா? அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியவுடன் கோபம் இன்னும் கூடியது.

நாங்கள் இருவரும் வாய் திறக்காத அந்த நாளைப் பற்றி எழுதுகிறேன். போன வருடத்துக்கு முந்தின வருடத்து மார்கழி. நீர் கனகராயன்குளம் போய் வந்து காரைக் கொட்டிலில் விட்டீர். ஓடுவது மண்ணெண்ணெயில் என்றாலும், வீட்டுப் படலைக்கு அரைக் கட்டை இருக்கும்போதே மண்ணெண்ணெய்க் குழாயைப் பூட்டி, சேலைன் போத்தலில் இருக்கிற பெற்றோலைத் திறந்துவிட வேண்டும். கார்பரேற்றரில் பெற்றோல் நின்றால்தான் அடுத்தநாள் குளிர்ந்த எஞ்சின் பிடிக்கும். வன்னியில் கார் ஓட்டுகிற எல்லோருக்கும் இது பாடம். நீர் மாற்றவில்லை. விடிந்து கிருசாந்திக்குப் பிரசவக் குத்து வந்தபோது மழைக்குள் நீரும் நானும் மாறி மாறி ஹாண்டில் போட்டோம். உமது உள்ளங்கை கிழிந்தது. கடைசியில் மாட்டு வண்டியில்தான் கொண்டுபோனோம். அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன்.

அன்று பின்னேரம் தனியாகக் கார்பரேற்றரைக் கழற்றி மணந்து பார்த்தேன். தனி மண்ணெண்ணெய். ஊருக்குப் பிளக் நனைந்துவிட்டது என்று சொன்னேன். கிருசாந்திக்கும் அதைத்தான் சொன்னேன். சேலைன் போத்தலில் பெற்றோல் அப்படியே இருந்ததையும் பார்த்தேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றுதானே அந்தச் சொட்டுப் பெற்றோலை மிச்சம் பிடித்தீர்? எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் உம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் காரை நினைக்கவே உமக்கு ஏலாது, ஆகவே அதன் சாமானைத் தேடவும் மனம் வரவில்லை. பிடிக்காமல் போகாத ஒரு காரில் போய்ச் சாய்ந்துகொண்டு நிற்கிறீர். துக்கம் உமக்கு மட்டும் சொந்தமில்லை! பெற்றவள் இங்கே இருக்கிறாள்.

நேற்று மாலை மூக்கனின் கொண்டென்சரோடு சந்திவரை ஓடிவிட்டு வந்து காரைக் கொட்டிலில் நிறுத்தினேன். கிருசாந்தி இடுப்பில் கையூன்றிக்கொண்டு வந்து நின்றாள். பெற்றோலுக்கு மாத்திப்போட்டோ அண்ணை நிப்பாட்டினீங்கள் என்று கேட்டாள். அன்று நீர் கொட்டிலுக்குள் கார் விட்டதைக் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றவளாம். மாற்றியிருந்தால் நிறுத்தியவுடன் பூட்ட வேண்டிய போத்தலில் கையே வைக்காமல் நீர் இறங்கி வந்ததைக் கண்டவளாம். எனக்காக மிச்சம் பிடிச்சவர் அண்ணை, அவரை நான் என்னெண்டு கேக்கிறது என்று சொன்னாள். தனக்குத் தெரியும் என்று உமக்கு எழுதக் கூடாதாம், தெரிந்தால் நீர் தாங்கமாட்டீராம். தலையை ஆட்டிவிட்டு இப்போது எழுதுகிறேன். தாங்கத்தான் வேண்டும். அவள் தாங்கவில்லையா?

யோகநாதன் மாஸ்டர் கண் ஒப்பரேசனுக்குக் கொழும்பு போகிறார், ஆவணி முடியும்வரை நிற்பார். இந்தக் கடிதத்தை அவரே அங்கிருந்து போடுவார். அவர் நிற்கிற விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. கொண்டென்சரை அங்கே அனுப்பும். இங்கே கொண்டுவருவது அவர் பாடு. வழியில் இதைப் பிரித்து வாசிக்கிறவர்களும் நன்றாக வாசிக்கட்டும், பிள்ளை பெறப் போகிறவளுக்குத்தான் கேட்கிறோம்.

சுகத்தைக் கடைசியில் எழுதுவதாகச் சொன்னேன். கிருசாந்தி சுகம். பிள்ளை நன்றாக உதைக்கிறதாம். உமது படத்தை அவள் அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள், காரை மடித்து மறைத்துவிட்டு.

உமது புதுக் கார் திறப்பைத் திருப்பும்போதெல்லாம் பிடிக்கட்டும், மச்சான். முருகன் புண்ணியத்தில் எங்களுடையது புரட்டாதியில் ஒரே ஒருமுறை பிடித்தால் போதும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத மச்சான்,
தில்லைநாதன்