ஏழாவது தெரு

10-5-1979, வியாழன்

இன்று என் வாக்கியமே என்னைத் திடுக்கிட வைத்துவிட்டது.

என்னிடம் படித்த ஏகாம்பரம் இப்போது பஞ்சாயத்து கிளார்க். குடிநீர்க் குழாய் கேட்டு இங்கிலீஷில் எழுதிய மனுவைத் திருத்தக் கொண்டுவந்தான். முதல் வரியிலேயே 'கம்ப்ரைஸ்' என்ற சொல்லைப் போட்டு, நம் ஊர் ஆறு தெருக்களை உள்ளடக்கியது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியிருந்தான். பெருமையாக இருந்தது. பிறகுதான் தெருக்களை எண்ணிப் பார்த்தேன்.

"காலனி எங்கப்பா? அவங்களுக்குக் குழா வேணாமா?"

"இன்னா சார், மறந்துட்டீங்களா? எட்டாங் கிளாஸ்ல நீங்க போர்டுல எழுதிப் போட்டதுதான். ஒரு எழுத்து மாத்தல."

உண்மைதான். அந்தச் சொல்லைப் போட்டால் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும், விட்டது வெளியே நின்றுவிடும் என்று விளக்கியவனும் நான்தான். உதாரணத்துக்கு நம் ஊரைச் சொன்னேன். வருஷா வருஷம் அதே ஆறு தெரு.

காலனியை ஏழாவதாக எழுதிக் கொடுத்தேன். "தலைவரு கையெழுத்துப் போடணுமே சார்" என்று தலையைச் சொறிந்தான். காலையில் நானும் கூடப் போகிறேன்.

ஆனால் படுக்க முடியவில்லை. காலனிப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். அவர்களும் அதே வாக்கியத்தை எழுதிக் காட்டினார்கள். அந்த நோட்டுகளிலும் சிவப்பு மையில் 'சரி' என்று போட்டுக் கொடுத்தேன்.