கப்பலில் வராத லாரி ஜாயின்ட்

6 அக்டோபர் 87

என்னங்க,

மரவள்ளி அவித்து, மீன் குழம்பு மூடி வைத்திருக்கிறேன். கனடா விசா படிவம் வாங்கத் தலைநகர் சுவாவுக்கு பஸ்ஸில் போகிறேன். லாரிதான் ஓடாதே!

மே மாதம் ஷாப்ட் ஜாயின்ட் உடைந்தபோது, "புதுசு மாட்டி, லாரியை வித்துட்டு கனடா போயிடலாம்" என்றீர்கள். அதற்குள் ராணுவம் இரண்டு தரம் ஆட்சியையே மாற்றிவிட்டது. உங்களால் ஒரு ஜாயின்ட் மாற்ற முடியவில்லை. கேட்டால், சாமான் கப்பல் வரவில்லையாம்.

லாரியை விலைக்குக் கேட்ட நபி பாய் மத்தியானம் பார்க்க வருவார். சாவி ஆணியில்.

கம்லா

பி.கு.: ராத்திரிச் சோற்றுக்கு அரிசி அளந்தால், டின் அடியில் புது ஜாயின்ட், ஜூன் மாத ரசீதோடு! போக மனசில்லை என்று வாயைத் திறந்து சொன்னால் என்ன? எனக்கு மட்டும் போக மனசிருக்கிறதா? அங்கேயே திரும்பப் புதைத்துவிட்டேன். சுவா போகவில்லை, வழியிலுள்ள நவுவா சந்தையோடு திரும்பிவிடுவேன்.

நபி பாய் கேட்டால், கப்பல் இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள்.