தோளைத் தொட்ட கை

அன்புள்ள கொரின்,

நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நடுக்கடலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். சான் அன்டோனியோவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மருத்துவரிடம் போகலாம் என்றால் காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

பெண்ணை நேசிக்கும் பெண்களுக்கும் ஆணை நேசிக்கும் ஆண்களுக்கும் திருநர்களுக்கும், சீருடையில் இருக்கும்போதும் அதைக் கழற்றிய பிறகும் துணை நிற்கும் அமைப்பு ஒன்றில் சேர்ந்தேன் என்று எழுதியிருந்தேனே, அந்த வேலையாகத்தான் போன வாரம் விமானப்படைப் பயிற்சி நிறைவு விழாவுக்குப் போனேன். லப்பக்கிலிருந்து வந்த ரெனாட்டா என்ற பெண், தன் காதலியைப் பற்றி வீட்டுக்கு எழுதியதும் யாரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அங்கே வழக்கம் உனக்குத் தெரியும், வீட்டார் யாராவது வந்து தோளைத் தொடும்வரை பிள்ளைகள் அசையாமல் நிற்க வேண்டும். ஆள் வராத பிள்ளை, மைதானம் காலியாகிற வரை சிலை போல நிற்கும். அவளை அப்படி நிற்க விடக்கூடாது என்று கூட்டத்தை முந்திக்கொண்டு ஓடித் தொட்டேன். வாடகைக்கு வந்த அம்மாவுக்கு என்னா வேகம், மூக்கு அரிச்சே செத்திருப்பேன் என்று சிரித்தாள். அவள் தோளுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒருவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவளுடைய அதே மோவாய். என் கையையே பார்த்தார், பிறகு திரும்பி நடந்தார். நான் கூப்பிடுவதற்குள் கூட்டம் மறைத்துவிட்டது.

மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன். தொப்பி பச்சையா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஆறு மணி நேரம் வண்டி ஓட்டத் தெரிஞ்ச மனுஷனுக்கு நாலு எட்டு எடுத்து வைக்கத் தெரியலையா, எனக்கு அவர்கிட்ட பேச ஒண்ணுமில்ல, வேணும்னா நீங்க பேசுங்க என்று தன் அப்பாவின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். பேசினேன். என் மேல் கோபமில்லை என்றார். திங்கட்கிழமைதான் அடுத்த முகாமுக்குக் கிளம்புகிறாள், அதற்குள் வாருங்கள் என்று கெஞ்சினேன். வேணாம் மேடம், தொட்டு விடுவிக்கறது ஒரு தடவைதான், அதை நீங்க செஞ்சிட்டீங்க, அவ சிரிச்சதைப் பார்த்தேன், போதும் என்று வைத்துவிட்டார். வரவில்லை. அவளும் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்த மனிதர் என்னை விட்டுப் போகவில்லை கொரின். கடையில் வரிசையில் நின்றால் யாரோ எனக்குப் பின்னால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பாத்திரம் கழுவும்போது ஜன்னல் கண்ணாடியில் நிற்கிறார். திரும்பினால் இல்லை. நான் செய்தது தவறில்லை என்று அமைப்பில் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் அது தெரிகிறது, ஆனாலும் கை கனக்கிறது.

நீயும் ரெனாட்டாவைப் போலத்தான் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நேற்று மட்டும், கப்பல் எப்போ கரைக்கு வருது என்று கேட்டார். மார்ச்சில், சான் டியேகோவுக்கு என்றேன். அவ்வளவு தூரமா என்று முழங்காலைத் தடவிக்கொண்டார். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் போகவெல்லாம் இல்லை என்று சொல்லிவிடுவார்.

இறங்கியதும் யார் வந்து கட்டிக்கொண்டாலும் உடனே கிளம்பிவிடாதே, கூட்டம் கலைகிறவரை நின்று பின்னாலும் பார். அவர் மெதுவாகத்தான் வருவார், வராமலும் போகலாம். நான் அங்கே இருப்பேன், ஆனால் உன்னை முதலில் தொட மாட்டேன்.

கடலும் காற்றும் உன்னிடம் அன்பாக இருக்கட்டும். காது வலிக்குச் சொட்டு மருந்தை மறக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா லோரெட்டா