பத்தொன்பதாவது மாதம்

ஜூன் 5
பதினாறு அணிகள், இரண்டு மைதானங்கள், எட்டு நடுவர்கள். சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் எதிரி என்று அட்டவணை போட்டாயிற்று. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான பேஸ்பால். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய மே முதல் தேதிக்கு முன்னால் பிறந்தவர்கள் ஆடக் கூடாது. பிறப்புச் சான்றிதழ்கள் இருநூறுக்கு மேல். "நானே பாத்துக்கறேன், இந்தச் செயலாளர் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்று சங்கக் கூட்டத்தில் பீற்றிக்கொண்டேன். உண்மையில் வருடத்தை மட்டும் பார்த்துத்தான் புரட்டினேன். அதற்கே இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜூன் 12
சுண்ணாம்புக் கோடு போடுகிற ஆள் வரவில்லை. நானே போட்டேன். கோணல்மாணல். மனைவி சிரித்துத் தீர்த்தாள்.

ஜூன் 13, சனி
அரையிறுதி. நெட்டைப் பெண் ஒருத்தி பந்து வீசியே 7–4 என்று ஜெயித்துக் கொடுத்தாள். போன வருடம் வேறு நாட்டிலிருந்து குடிவந்த குடும்பம். அவளுக்கு வயது கூடுதல் என்று தோற்ற அணி எழுதிக் கொடுத்தது. சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். 05/04. ஏப்ரல் ஐந்து! இருபத்தாறு நாள் மூத்தவள்.

"என் பிறந்தநாள் மே நாலு, அங்கிள்."

"பேப்பர்ல அப்படி இல்லையேம்மா."

அவள் அம்மா வேலைக்குப் போயிருந்தாளாம். நான் காத்திருக்கவில்லை. வயதை மறைத்ததால் அணி நீக்கம் என்று மைக்கில் சொல்லிவிட்டேன். அவள் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். விதி விதிதானே?

ஜூன் 14
இறுதிப்போட்டி அமோகம். அரையிறுதியில் அவளிடம் தோற்ற அணியே அவர்களுக்குப் பதிலாக ஆடிக் கோப்பையையும் தூக்கியது. ஏற்பாடு பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஜூன் 16
சான்றிதழ்களைத் திருப்பி அனுப்ப உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுடையதில், அடியில், வழங்கிய தேதி: 05/19. பத்தொன்பதாவது மாதம் ஏது?

அந்த நாட்டில் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். அப்படியானால் 05/04 — மே நான்கு. சொன்னாளே! வாயைத் திறந்து சொன்னாளே. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஜூன் 17
யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 19
அவளுடைய பயிற்சியாளர் போன் செய்தார். அவருக்குப் பிழைப்பு பஸ் ஓட்டுவது; பாவம், வண்டியை நிறுத்திவிட்டுப் பேசினார். "மன்னிச்சிருங்க சார், நான்தான் வயசைச் சரியா விசாரிக்கல. புள்ளைங்க அவளைப் பொய்க்காரின்னு கூப்பிடுதுங்க. பயிற்சிக்கே வர்றதில்ல."

"பரவாயில்ல" என்றேன். நான் அவரை மன்னித்தேன்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜூன் 21
சோறு இறங்கவில்லை. மனைவி துருவித் துருவிக் கேட்டாள், சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். "எத்தனை நாளா தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். ஐந்து நாள் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 22
சங்கத் தலைவரிடம் போனேன். "கோப்பை குடுத்தாச்சு, கிளறாதீங்க. நமக்குத்தான் அசிங்கம்." அதைக் கேட்டதும் ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் கேவலம். பதினாறு அணிகளுக்கும் நடந்ததை எழுதி அனுப்பினேன். ராஜினாமாவும் எழுதினேன்.

ஜூன் 24
அவள் வீட்டுக்குப் போனேன். அம்மாதான் கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை. "ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே சார்." கேட்டிருக்கலாம். நம்பர் விண்ணப்பத்திலேயே இருந்தது. உள்ளறைக் கதவு கடைசிவரை சாத்தியே இருந்தது.

ஜூலை 5, ஞாயிறு
என் கடிதத்தைப் பார்த்து மற்ற அணிகள் விடவில்லை. அவளுடைய அணியைச் சேர்த்து இறுதிப்போட்டியை மறுபடி நடத்தினார்கள். "வரலன்னுட்டா சார். பேஸ்பாலே வேணாமாம்" என்றார் பயிற்சியாளர். அவள் இல்லாமல் 9–1 என்று தோற்றார்கள்.

முடிந்ததும் மைக்கைக் கேட்டு வாங்கினேன். அவள் பிறந்தது மே நான்காம் தேதி, அவள் பொய் சொல்லவில்லை, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். மைதானமே எழுந்து கைதட்டியது. தலைவர் வந்து, "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்று என் முதுகில் தட்டினார்.