பெரியம்மா படிச்சாதான்

கடவுள் துணை
ஜூன் 4

அன்புள்ள வாயாடிக்கு,

உன் தோழி கணக்கு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நம்பினால் நம்பு, என் வேண்டுதல் பட்டியலில் நீ ஏழாவது.

மகனை விடுதியில் சேர்த்துவிட்டு வந்து, இனி மத்தியான நேரம் என்னுடையது என்று நினைத்தேன். ஒரு வாரம் அப்படித்தான் இருந்தது. அதற்குள் என் கொழுந்தன் மனைவி, நம் இளையவள், ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பிவிட்டாள். அவள் பெற்ற இரண்டும் இப்போது என் கையில். பெரியவனுக்கு நாலு வயது. சின்னவளுக்கு இரண்டரை. அவள் செய்கிற வேலையைப் பார்த்து 'வால்' என்றே பெயர் வைத்துவிட்டோம்.

"ஆறே மாசம்தான் அக்கா. அப்புறம் ஏதாவது வழி பண்ணிடறேன்" என்றாள். நானும் தலையாட்டினேன்.

எங்கள் வீடு நாலாம் மாடி என்பது உனக்குத் தெரியும். ஒரு சன்னலைத் திறந்தால் எதிர் கட்டடத்துச் சுவர், இன்னொன்றைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஈரத்துணி. அத்தைக்கு முழங்கால் வலி, படி இறங்கமாட்டார். காலை எட்டு மணி முதல் சாயங்காலம் ஆறு மணி வரை நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நேற்று வால் அண்ணனைக் கடித்தாள். அவன் என்னைக் கடித்தான். அத்தைக்குப் பல் இல்லாததால் அதோடு நின்றது.

நீ நூலகத்தில் வேலை பார்க்கிறவள். எட்டாவதோடு நின்றவள் நான். மீதியை, மகன் பள்ளிக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிட்டுப் போன புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் தேற்றிக்கொண்டேன். இத்தனை சின்னதுகளின் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது, என்ன விளையாட்டுக் காட்டுவது? நீதான் சொல்லவேண்டும்.

உன்
கணக்கு


ஜூன் 11

அடி கணக்கு,

ஏழாவதா! எனக்கு முன்னால் இருக்கிற அந்த ஆறு பேர் யார்? அடுத்த கடிதத்தில் விவரம் வேண்டும்.

மூன்று புத்தகம் அனுப்பியிருக்கிறேன். தடித்த அட்டைப் பக்கம் உள்ளது வாலுக்கு. ஒரு வாத்து செருப்பைத் தேடுகிற கதை. கடிக்கட்டும், பரவாயில்லை. ஏற்கெனவே முப்பது பிள்ளைகளின் பல்தடம் அதில் இருக்கிறது. குழியில் விழுந்த கரடி பெரியவனுக்கு. மூன்றாவதில் வெறும் வண்டிகள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டாயே, ஒரே ஒரு சோதனைதான். மூன்றாம் தரம் படிக்கும்போது உனக்கே அலுத்தால் அதை ஒதுக்கிவிடு. அதுகள் நூறு தரம் படிக்கச் சொல்லும், நீ செத்துப்போவாய். பக்கத்தை வாலே திருப்பட்டும். மூன்று பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினாலும் கதையை அங்கிருந்தே ஓட்டு. பெரியவனிடம், "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. உன்னால் முடியும், என்னால்தான் முடியாது.

விளையாட்டுச் சாமான் எதுவும் வாங்காதே. காலி அட்டைப்பெட்டி ஒன்று, நாலு கிண்ணம், ஒரு பழைய போர்வை போதும்.

எப்படியும் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைப்பாய். இதையும் எழுதி எனக்கு அனுப்பு.

உன்
வாயாடி


கடவுள் துணை
ஆகஸ்ட் 2

அன்புள்ள வாயாடிக்கு,

நீ கேட்ட கணக்கு இதோ.

வாத்து: அறுபத்திரண்டு தரம். பதினெட்டாம் தரம் வால் முதல்முறையாக 'செப்பு' என்றாள். இருபதாம் தரத்துக்குப் பிறகு கடிக்கவில்லை. கரடி: நாற்பத்தேழு தரம். கரடி விழும் பக்கத்தைப் பெரியவன் கையால் மூடிக்கொள்வான். முப்பதாம் தரம் ஒரு விரலை மட்டும் விலக்கிப் பார்த்தான். அன்றைக்கு அவனுக்குச் சர்க்கரை கொடுத்தேன். வண்டிகள்: மூன்றே தரம். எனக்கே அலுத்துவிட்டது.

அட்டைப்பெட்டி முதலில் பஸ், பிறகு லிஃப்ட், போன வாரம் முழுக்க ஆஸ்பத்திரி. போர்வைக்குள் நான் கரடி. கரடிக்கு அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல், வாத்துக்கு மூக்கால் ஒரு குரல் பேசுகிறேன். முதல் நாள் பூஜையில் உட்கார்ந்திருந்தபோது வாத்துக் குரலே மனதில் ஓடிற்று. கடவுள் மன்னிப்பார், அவர் படைத்த வாத்துதானே.

ஒன்று மட்டும் சரியில்லை. போன ஞாயிறு இளையவளுக்கு விடுமுறை. ஆசையாகப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு வரிதான் படித்திருப்பாள், வால் எழுந்துவிட்டாள்.

"நீ வேணாம். பெரியம்மா படிச்சாதான்."

"நானும் அதேதான்டி படிக்கிறேன்!"

"வாத்து அப்படிப் பேசாது" என்றான் பெரியவன்.

இளையவள் சிரித்துக்கொண்டே புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். "எடுத்துக்குங்க அக்கா. பெத்ததுதான் நானு" என்றாள். அந்தச் சிரிப்பை நான் நோட்டில் எழுதவில்லை.

ஆறு மாசப் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை.

உன்
கணக்கு


ஆகஸ்ட் 13

அடியே,

உட்கார்ந்து படி. உன் கடிதத்தை எங்கள் தலைமை நூலகர் மேடத்திடம் படித்துக் காட்டினேன். திட்டாதே. உன் ஊர்க் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று தனி அறை திறக்கப்போகிறார்கள். புத்தகம் தேர்ந்தெடுக்கவும், படித்துக் காட்டவும், விளையாடவைக்கவும் மேடம் ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஒரு விரல் சமாசாரத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "படிச்சவங்க எனக்கு நிறைய வர்றாங்க. இப்படிப் பாக்கறவங்கதான் வர்றதில்ல. இவங்களைக் கூப்பிடுங்க" என்றார்.

வாரத்தில் மூன்று நாள், மத்தியானம் இரண்டு முதல் ஐந்து. செப்டம்பர் 17, புதன்கிழமை, இரண்டு மணிக்கு நீ நேரில் வரவேண்டும். நானும் அன்று அங்கே இருப்பேன்.

வீட்டில் கேட்டுவிட்டு எழுது. இல்லை, முடிவு செய்துவிட்டு எழுது.

வாயாடி


கடவுள் துணை
ஆகஸ்ட் 21

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைச் சாமி படத்தடியில் இரண்டு நாள் வைத்திருந்தேன். எனக்கு நாற்பத்துமூன்று வயது. இந்த வீட்டுக்கு வெளியே ஒருத்தர் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. போகவேண்டும் என்று இருக்கிறது.

கேட்டேன். யாராவது 'கூடாது' என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"போயேன். யாரு வேணாம்னா?" என்றார் என் வீட்டுக்காரர், பேப்பரை மடிக்காமலே. "பசங்களை யாராவது பாத்துக்கிட்டா போதும்."

"தாராளமா போங்க அக்கா" என்றாள் இளையவள். அப்படியே அழுதுவிட்டாள்.

"போம்மா, போ" என்றார் அத்தை. "நான் கிடக்கேன் ஒரு மூலையில. ஆனா, எனக்குப் படிக்கத் தெரியாது. அதுங்களும் உன்கிட்டதானே அடங்குது."

கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். தாழ்ப்பாள் போட்டவள் யார் என்று யோசித்தேன். நான்தான். குரல் போட்டு, போர்வை போர்த்தி, நானில்லாமல் அதுகளுக்கு ஆகாதபடி பண்ணிவைத்திருக்கிறேன்.

ஒரு யோசனை. எழுத்தே இல்லாத, படம் மட்டும் உள்ள புத்தகம் உண்டா? அத்தைக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, பேசத் தெரியுமே.

உன்
கணக்கு


ஆகஸ்ட் 27

கணக்கு,

உண்டு. இரண்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் ஒரு நாய் சந்தையில் காணாமல் போகிறது, இன்னொன்றில் மழை. ஓர் எழுத்து கிடையாது. அத்தை சொல்வதுதான் கதை.

ஒரே ஒரு எச்சரிக்கை. அவர் தப்பாகச் சொல்வார். திருத்தாதே. அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள். நாக்கு துறுதுறுவென்றால் கடித்துக்கொள்.

வாயாடி


கடவுள் துணை
செப்டம்பர் 19

அன்புள்ள வாயாடிக்கு,

என்னைக் காணாமல் நீ எப்படித் தவித்திருப்பாய் என்று தெரியும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் மூன்று நாள் ரகளை. "பெரியம்மா படிச்சாதான்" என்று இரண்டும் ஒப்பாரி. நான் அடுப்படியில் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். நாலாம் நாள் அத்தை நாய்ப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி, "இந்த நாய் யாரு தெரியுமா? உங்க தாத்தாதான். காய் வாங்கப் போனவரு இன்னும் வரல" என்றார். பெரியவன் உருண்டு உருண்டு சிரித்தான். வால் பக்கத்தைத் திருப்பி, "தாத்தா எங்க? தாத்தா எங்க?" என்கிறாள். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் என்னைத் தேடுவதே நின்றுவிட்டது. எனக்கு வலித்தது. ஆனாலும் வேண்டுதல் பட்டியலில் அன்றைக்கு அத்தையை முதலில் வைத்தேன்.

புதன்கிழமை ஒரு மணிக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு செருப்புப் போட்டுவிட்டேன். உள்ளே தாத்தா நாய் சந்தையில் வாலாட்டிக்கொண்டிருந்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவைத் திறந்தால் இளையவள் நிற்கிறாள். இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள்.

"அக்கா, என்கூட வேலை செய்றவளோட பசங்க. இன்னிக்கிலேருந்து கொண்டுவரச் சொல்லிட்டேன். ஆளே கிடைக்காம அழுதுட்டிருந்தா, பாவம். இப்பதான் அத்தையும் கதை சொல்றாங்களே, நீங்க ரெண்டு பேர் இருக்கீங்கன்னு..." என்றவள், என் புடவையைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, இன்னிக்கா அது?"

சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்தவளுக்குத் திரும்பிப்போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முழங்கால் வலிக்காரர் ஒருவர் நாலு பிள்ளைகளை எப்படிப் பிடிப்பார்? அதில் ஒன்று அதற்குள் சன்னல் கம்பியில் ஏறிவிட்டது. செருப்பைக் கழற்றினேன்.

மேடத்திடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன்
கணக்கு


செப்டம்பர் 24

கணக்கு,

பஸ் நிறுத்தத்தில் ஐந்து மணி வரை நின்றேன். மூன்று பஸ் நிறையப் பெண்கள் இறங்கினார்கள். போகட்டும்.

கெஞ்சிக் கூத்தாடி அக்டோபர் 4 வரை நேரம் வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் வேறு ஆள். ஆகவே நான் சொல்வதைக் கேள். நீ நன்றாகப் படிக்கிறாய், அதுதான் உனக்கு வினை. வீட்டில் எல்லோருக்கும் அது வசதியாகப் போய்விட்டது. நாளை முதல் மோசமாகப் படி. கரண்ட் பில் படிப்பதுபோல் படி. குரலும் கிடையாது, போர்வையும் கிடையாது. பிள்ளைகள் சிணுங்கும், சண்டை போடும், வீடு ரெண்டுபடும். ஒரே வாரத்தில் இளையவள் தானாக வேறு ஆள் தேடுவாள். வேறு ஆள் கிடைக்காமல் இல்லை, தேடவில்லை, அவ்வளவுதான்.

பாவம் புண்ணியம் பார்க்காதே. உன் சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

வாயாடி


கடவுள் துணை
அக்டோபர் 2

அன்புள்ள வாயாடிக்கு,

நீ சொன்னதைச் செய்தேன். சாமியிடம் முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

ஐந்து நாள் கரண்ட் பில்தான். வாத்து செருப்பைத் தேடியது, கிடைத்தது, முடிந்தது. கரடி விழுந்தது, எழுந்தது. போர்வையை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நீ சொன்னபடியே வீடு ரெண்டுபட்டது. புதிதாக வந்தவன் தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்தான். வால் மறுபடி கடிக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் இளையவள், "என்னக்கா, இப்பல்லாம் அடங்கவே மாட்டேங்குதுங்களே" என்றாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். உன் திட்டம் பலிக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு குதி. இன்னும் இரண்டே நாள் என்று எண்ணிக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் நாலும் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. நான் கரடியை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பெரியவன் பக்கத்தைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டான். அவன் அம்மா தொட்டுப் பார்ப்பாளே, அப்படிப் புறங்கையால்.

"பெரியம்மா, உங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லடா."

"நீங்க படுத்துக்குங்க. நான் படிக்கிறேன்."

என்னைத் தரையில் படுக்கவைத்தான். மற்ற மூன்றையும், "சத்தம் போடாதீங்க, பெரியம்மாவுக்குக் காய்ச்சல்" என்று அதட்டினான். புத்தகத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து அந்தக் கரடிக் குரலை எடுத்தான். ஓர் எழுத்து தெரியாது அவனுக்கு. ஒரு வார்த்தைகூட விடவில்லை. கரடி விழும் பக்கம் வந்ததும் கையால் என் கண்ணைப் பொத்தினான். "பயப்படாதீங்க, மேல வந்துடும்" என்றான்.

வாயாடி, நான் எழுந்துவிட்டிருக்கலாம். வாசல் அங்கேதான் இருந்தது. பஸ் எத்தனை மணிக்கு என்றும் தெரியும். அந்தச் சின்னக் கைக்கு அடியில் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன். என்னால் அசையமுடியவில்லை. ஆசையாகவும் இருந்தது, மூச்சு முட்டவும் செய்தது.

முடித்துவிட்டு, "இன்னொரு தரம்?" என்று கேட்டான்.

சரி என்றேன்.

நாளை மறுநாள் எனக்காகக் காத்திருக்காதே. வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொல் மேடத்தை.

உன்
கணக்கு