மாமாவுக்குப் பத்து நாள் தவணை

மார்ச் 3, செவ்வாய்
அக்காவின் வீட்டுக்காரர் கைத்துப்பாக்கிக்குப் பணம் கட்டிவிட்டாராம். ஃபிரிட்ஜ் வாங்கியதைப் போல அம்மா போனில் சொல்கிறாள். போலீஸ் விசாரணை, பத்து நாள் காத்திருப்பு. பிறகுதான் கடைக்காரர் கையில் தருவாராம். "வீட்டுக்குப் பாதுகாப்புதானேடி!" அந்த வீட்டில் யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு?

மார்ச் 5
நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் ஒருவர் டாக்டர் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டுக் கத்தினார். கொடுக்கவில்லை. கத்தட்டும்.

மார்ச் 7, சனி
விசாரணைக்கு ஆள் வந்து போயாயிற்று. மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே அக்காவிடம் கேட்டாராம்: "வீட்ல ஏதாவது சண்டை சச்சரவு உண்டாம்மா?"
"நீ என்ன சொன்ன?" என்று அக்காவைப் போனில் கேட்டேன்.
"டீ குடிக்கிறீங்களான்னு கேட்டேன்."
அவரும் குடித்துவிட்டு, குறையொன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். ரொம்ப அழகான விசாரணை!

மார்ச் 9, திங்கள்
எரிச்சல் தாங்காமல் ஸ்டேஷனுக்கே போனேன். எழுத்தர் கணினியைத் தட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லைங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரே ஒரு புகார். அதுவும் வாபஸ்."
அக்காவின் மணிக்கட்டை மாமா முறித்தபோது கொடுத்தது. வாபஸ் வாங்க வைத்தது யார்? நான். உன் பொண்ணு படிக்கிற வயசு, நாலு பேர் சிரிப்பாங்கன்னு நான்தானே சொன்னேன்? நான்தானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்? என்னைச் செருப்பால அடிக்கணும்.

மார்ச் 10
அக்காவிடம் போனில் சொன்னேன்: "மறுபடியும் புகார் கொடு. துப்பாக்கிய நிறுத்தி வைப்பாங்க."
"அவர் திருந்திட்டார்டி."
"எப்போ?"
அதற்கு அக்கா சொன்னாள்: "அத எங்க வைக்கப் போறீங்கன்னு கேட்டேன். உன் தலகாணிக்கு அடியிலன்னார். சிரிச்சுக்கிட்டே."


மார்ச் 11
இன்னும் இரண்டே நாள். அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்
காலையில் மருந்துக்கடை வாசலில் அக்கா நின்றாள், மகளோடு, ஒரு பையோடு. நேரே ஸ்டேஷன். மணிக்கட்டு, தலையணை, எல்லாவற்றையும் சொன்னாள். எழுத்தர் நிமிர்ந்தார்: "அப்புறம் ஏம்மா போன தடவ வாபஸ் வாங்குனீங்க?"
"நானாத்தான்." என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.
"பொய்ங்க. நான்தான் வாங்க வெச்சேன். அதையும் எழுதுங்க" என்றேன். எழுதினார்.

மார்ச் 13, வெள்ளி
துப்பாக்கிக் கடை திறக்கும் முன்பே மாமா போய் நின்றாராம். துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாதென்று போலீஸ் உத்தரவு வந்திருக்கிறது என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள். அம்மா போனில் என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். "குடும்பத்தக் கெடுத்துட்டியே, பாவி!"
என்னோடு தங்கியிருக்கும் அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "அவள ஏம்மா திட்டற? புகார் என்னுது. இந்தத் தடவ வாபஸ் கிடையாது."